கண்ணாடித் தொட்டிக்குள் நிலத்தடி நீர்: செய்து பார்த்துக் கற்கும் புவி அறிவியல்

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு எரிமலை நிச்சயம் இருக்கும். தெர்மாகோலிலோ காகிதக் கூழிலோ ஒரு மலை, உச்சியில் புதைத்த பாட்டில், அதற்குள் சமையல் சோடா. மேலே வினிகரை ஊற்றியதும் சிவப்பு நுரை பொங்கி வழியும், எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் உண்மையான எரிமலையில் அமிலமும் சோடாவும் வினைபுரிவதில்லை. ஆழத்தில் இருக்கும் பாறைக் குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வர வர அதன் மீதான அழுத்தம் குறைகிறது. வாயுக்கள் குமிழிகளாகப் பிரிந்து, குழம்பையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகின்றன. இதைக் காட்ட மலையும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். ஒரு சோடா பாட்டில் போதும். மூடி இருக்கும்வரை உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியாது. மூடியைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்த நொடியில் குமிழிகள் எங்கிருந்தோ கிளம்பி வரும்.

முதல் மாதிரி எரிமலையின் தோற்றத்தைக் காட்டுகிறது. இரண்டாவது எரிமலை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. வகுப்பறைக்கு மாதிரி செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உண்மையான பூமியில் எது எதை உண்டாக்குகிறதோ, அதே காரணம் என் மாதிரியிலும் வேலை செய்கிறதா?

புவி அறிவியலுக்கு மாதிரிகள் மற்றப் பாடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது. அது ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த வேகத்தையும் இந்தக் காலத்தையும் எந்த மாணவராலும் கண்ணால் பார்க்க முடியாது. நிலத்தடி நீரோ நம் காலுக்குக் கீழேயே இருந்தும் பார்வைக்குச் சிக்காதது. பெரியதைச் சிறிதாக்கி, மெதுவானதை வேகமாக்கி, மறைந்ததைத் திறந்து காட்ட ஒரு வழி வேண்டும். நிலத்தடி நீரையே முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான புவி அறிவியல் பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வரையச் சொல்லுங்கள். பலர் ஒரு குகையை வரைந்து அதற்குள் ஏரியை நிரப்புவார்கள், சிலர் ஆறு ஓட விடுவார்கள். 'மணல் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் நீர் இருக்கிறது' என்று பத்து முறை சொன்னாலும் அந்தக் குகை மனதை விட்டுப் போகாது. போக வைக்க இரண்டு டம்ளர் போதும்.

ஒன்றில் ஒரே அளவாகப் பொறுக்கிய சிறு கூழாங்கற்கள். மற்றதில் சலித்துக் கழுவிக் காயவைத்த மணல். இரண்டையும் ஒரே உயரத்துக்கு நிரப்புங்கள். எதற்குள் அதிகத் தண்ணீர் போகும்? கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னால் விடையை நோட்டில் எழுத வைப்பது முக்கியம். எழுதாவிட்டால், முடிவைப் பார்த்த பிறகு எல்லோருமே 'அதைத்தான் நினைத்தேன்' என்பார்கள். பெரும்பாலும் கூழாங்கல்லுக்குத்தான் ஓட்டு விழும், அதன் சந்துகள் பெரியவையாயிற்றே. அளவுக்குடுவையால் நீரை மெதுவாக ஊற்றி, மேற்பரப்பில் நீர் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் போயிருக்கும்: மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. துகள்கள் ஒரே அளவாக இருந்தால், பெரிதோ சிறிதோ, இடைவெளியின் மொத்தப் பங்கு பெரிதாக மாறுவதில்லை. மணலில் சந்துகள் சின்னவை, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம்.

வகுப்பு அதிர்ந்திருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விடலாம். அடியில் துளையிட்ட மூன்று பாட்டில்களில் கூழாங்கல், மணல், களிமண் நிரப்பி நீர் ஊற்றுங்கள். கூழாங்கல்லில் நீர் கொட்டும், மணலில் சொட்டும், களிமண்ணில் மேலேயே தேங்கி நிற்கும். களிமண்ணுக்குள்ளும் இடைவெளி நிறையவே உண்டு, பல சமயம் மணலைவிடக் கூடுதலாகவே. ஆனால் அந்த இடைவெளிகள் நுண்ணியவை, நீரைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. நீரைக் கொள்வது ஒரு குணம், நீரைக் கடத்துவது வேறு குணம். பாடநூலில் நுண்துளைத்தன்மை, ஊடுருவுதிறன் என்று இரண்டு பெயர்கள் வருவது ஏன் என்பதை இனி விளக்கவே வேண்டியிருக்காது.

சரி, இப்போது தொட்டி. சுமார் 30 செ.மீ. நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருமணலை நன்றாகக் கழுவ வேண்டும். எம்-சாண்ட் என்றால் தூசு போகும்வரை பல தடவை அலசியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் மணலைச் சரித்து நிரப்புங்கள். அடிப்பக்கம் துளைகள் போட்டு, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிய ஒரு சிறு பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக நட்டுவிட்டால் அதுதான் கிணறு. தண்ணீர் இறைக்க ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சும், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாயில் ஒரு துண்டும் போதும்.

மூடியில் ஊசியால் துளையிட்ட பாட்டிலால் மேட்டுப் பக்கம் மழை பெய்ய விடுங்கள். நீர் மணலுக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் நீர் ஊற்றாத அந்தப் பள்ளத்தில் ஒரு குளம் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். கிணற்றில் நீர் நிற்கும் மட்டமும் குளத்தின் மட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த இடத்தில் கவனிக்க ஒன்று இருக்கிறது. டப்பாவின் பக்கச் சுவரில் மணல் கருத்து ஈரமாகத் தெரியும் கோடு, கிணற்றில் நிற்கும் நீர்மட்டத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். துகள்களின் சந்துகள் நீரை மேலே இழுத்து வைத்திருப்பதால் வரும் ஈரம் அது. மணல் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு உயரம் ஏறும். ஈரமாக இருக்கும் இடமெல்லாம் கிணற்றுக்கு நீர் தராது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நுண்மணலை எடுத்தால் இந்த ஈரம் தொட்டியின் உச்சிவரை ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பருமணல் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் சிரிஞ்சால் இறைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு முறை இழுப்பதற்குள் குளம் சுருங்கத் தொடங்கிவிடும். குளத்தில் யாரும் கை வைக்கவில்லை, கிணற்றில் எடுத்த நீருக்கு ஏரி வற்றுகிறது. அடுத்து, கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் சில சொட்டு நீல மை விட்டு, மழையையும் பெய்யவிட்டு, கிணற்றில் தொடர்ந்து இறையுங்கள். நீலம் கலங்கலாக நகர்ந்து கிணற்றுக்குள் வந்து சேரும். அதன் பிறகு எவ்வளவு நல்ல நீர் ஊற்றினாலும் மை முழுதாகப் போவதற்கு வெகு நேரமாகும். குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டலாமா என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவார்கள்.

இதே தொட்டியைக் கொஞ்சம் மாற்றினால் கடலோரப் பாடம் கிடைக்கும். நன்னீரைவிடக் கடல்நீர் அடர்த்தி கூடியது, சுமார் 2.5 சதவீதம். அதனால் கடலோர நிலங்களில் நன்னீர் மேலேயும், உப்பு நீர் ஆப்பு வடிவில் அடியிலும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதற்குப் பெயர். இதன் மறுபக்கம் பயங்கரமானது. இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், உப்பு நீர் நாளடைவில் 40 மீட்டர் மேலேறி வரலாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்திருப்பது அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லில் தங்கும் மழைநீர்தான் கிணறுகளுக்கு ஆதாரம், அந்த நன்னீருக்கு அடியில் உப்பு நீர் காத்திருக்கிறது. அங்கே வளரும் பிள்ளைக்கு இது பரீட்சைக்கான பாடம் மட்டும் இல்லை.

தொட்டியின் நடுவில் மணல், இரு ஓரங்களிலும் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டியும் துணியும் வைத்துப் பிரித்த இரண்டு அறைகள். ஓர் அறையில் பீட்ரூட் சாறு கலந்த உப்பு நீர், மற்றதில் நன்னீர். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. உண்மையான கடல்நீரின் அளவுக்கே, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்டால், ஒன்றுக்கு நாற்பது என்ற கணக்கு நம் தொட்டிக்குள் அடங்காது. நன்னீர் அரை சென்டிமீட்டர் உயர்ந்தாலே உப்பு நீரை 20 செ.மீ. கீழே தள்ளப் பார்க்கும், தொட்டியில் நிற்கும் நீரின் ஆழமோ 12 செ.மீ. தான். அதனால் லிட்டருக்கு 150 கிராம் உப்பு போடுங்கள். அடர்த்தி சுமார் 1.1 ஆகும், கணக்கு ஒன்றுக்குப் பத்து என்று மாறும். உப்பு நீர் 12 செ.மீ. உயரம், நன்னீர் அதைவிட அரை சென்டிமீட்டர் உயரம் என்று இரண்டையும் ஊற்றி ஊற்றி நிலைநிறுத்தினால், சிவப்பு ஆப்பு மணலின் அடிவழியே ஊர்ந்து வருவது தெரியும். நன்னீர்ப் பக்கத்தை ஒன்றரை சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள், ஆப்பு பின்வாங்கும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. கடலோர ஊர்களில் அப்படி நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் வேறு என்ன வேலையும் செய்யும் என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நேரடியான வழி கிடையாது.

அளவைச் சிறிதாக்கும்போது பொருளின் குணத்தையும் மாற்றியாக வேண்டும் என்பது ஏதோ பள்ளிக்கூடச் சமாளிப்பு போலத் தோன்றலாம். புவி அறிவியலின் ஆழமான கருத்துகளில் ஒன்று அது. அமெரிக்கப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1937இல் இதற்குக் கணித அடிப்படை போட்டார். ஒரு மலைத்தொடரை லட்சம் மடங்கு சிறிதாக்கி மேசையில் வைக்கிறோம் என்றால், மாதிரிக்கு எடுக்கும் பொருளின் வலிமையும் ஏறக்குறைய லட்சம் மடங்கு குறைய வேண்டும். பாறையைக் கொண்டே மலையின் மாதிரி செய்தால் அது மடியவும் மடியாது, நழுவவும் நழுவாது. அதனால்தான் ஆய்வுக்கூடங்களிலும் மலைகளின் மாதிரிக்கு உலர்ந்த மணலையும் ஈரக் களிமண்ணையும் பயன்படுத்துகிறார்கள். மணல் மலிவாகக் கிடைக்கிறது என்பது நமக்கு அமைந்த அதிர்ஷ்டம்.

மலை மாதிரிக்கு இன்னும் நல்ல பொருள் நம் வாசலிலேயே இருக்கிறது: கோலப்பொடி. நீளமான ஒளிபுகும் டப்பாவில் உலர்ந்த மணலையும் வண்ணக் கோலப்பொடியையும் அரை சென்டிமீட்டர் கனத்தில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரு முனையில் டப்பாவின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பலகையை நிறுத்தி, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். முதலில் பலகைக்கு அருகே மேற்பரப்பு மட்டும் லேசாகப் புடைக்கும். இன்னும் தள்ளினால் அடுக்குகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு விழும். அதன் வழியே ஒரு தொகுதி அடுக்குகள் வழுக்கிக்கொண்டு பக்கத்து அடுக்குகளின் மேல் ஏறும். மேலும் தள்ள, அதற்கு முன்னால் இன்னொரு வெட்டு. அடியில் இருந்த மஞ்சள் பட்டை சில இடங்களில் மேலே இருந்த நீலத்துக்கு மேல் போய் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் தள்ளினால் நிலம் சுருங்குகிறது, சுருங்கிய நிலம் உயர்கிறது, கீழே இருந்தது மேலே வருகிறது. எவரெஸ்ட் உச்சியில் கடலில் படிந்த சுண்ணாம்புக் கல் எப்படி வந்தது என்று கேட்க இதுதான் தருணம்.

இந்தச் சோதனைக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால், தன் நாட்டுக் கடற்கரைப் பாறைகளில் அடுக்குகள் வளைந்து வளைந்து கிடப்பதைப் பார்த்தார். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கதவு ஒன்றைப் போட்டு எடை ஏற்றி, இரு பக்கமும் நெருக்கினார். துணிகள் பாறைகளைப் போலவே மடிந்தன. பிறகு களிமண்ணை வைத்து ஒரு கருவியே செய்தார், 1815இல் அது அச்சில் வந்தது. அதே நூற்றாண்டின் கடைசியில் ஹென்றி கேடல் பெட்டிக்குள் மணலையும் களிமண்ணையும் நெருக்கி, ஸ்காட்லாந்து மலைகளில் பாறைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விதத்தை உண்டாக்கிக் காட்டினார்.

ஹாலின் மூத்த நண்பர் ஜேம்ஸ் ஹட்டன், நவீனப் புவியியலுக்கு அடித்தளம் போட்டவர், இப்படிப்பட்ட சோதனைகளை நம்பவில்லை. ஒரு சின்ன உலையின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் பூமியின் மாபெரும் செயல்களுக்குத் தீர்ப்புச் சொல்வதா என்பது அவருடைய ஆட்சேபம். அவர்மேல் இருந்த மரியாதையால், 1797இல் ஹட்டன் இறக்கும்வரை ஹால் தன் சோதனைகளைத் தள்ளிப்போட்டார். பிறகு செய்துபார்த்தவை ஹட்டனின் கருத்துகளுக்கே வலு சேர்த்தன. நான் ஹாலின் பக்கம்தான். ஆனாலும் ஹட்டனின் ஆட்சேபத்தை ஒவ்வொரு வகுப்பிலும் எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் மாதிரி எதைச் சரியாகக் காட்டினாலும் கூடவே ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடும்.

அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, ஓடு மேலோடு, வெள்ளை கவசம், மஞ்சள் கருவம் என்று காட்டுவது வழக்கம். கனத்தின் விகிதத்தை ஓரளவு உணர்த்துவதற்கு அது சரி. ஆனால் படத்தில் கவசத்துக்கு ஆரஞ்சு நிறம் வேறு தீட்டிவிடுவோமா, மேலோட்டுக்கு அடியில் பாறைக் குழம்பு கடலாக அலையடிக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. திடமாக இருந்துகொண்டே மிக மெதுவாக நகர்கிறது. நிலநடுக்கத்தின் எஸ் அலைகளால் திரவத்தின் வழியே போக முடியாது. அவை கவசத்தைக் கடந்து போகின்றன, வெளிக் கருவத்தில்தான் நின்றுவிடுகின்றன.

நம் மணல் தொட்டிக்கும் இந்தக் குறை உண்டு. திருவான்மியூர் போன்ற கடலோர மணல் நிலத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியோ கடினப் பாறை. சேலத்திலும் கோவையிலும் நீர் இருப்பது மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையின் விரிசல்களிலும். பக்கத்துத் தோட்டத்தில் நீர் வந்த ஆழத்தையும் தாண்டிப் போர் போட்டும் நம் தோட்டத்தில் புழுதி மட்டுமே வருவதை மணல் தொட்டியால் விளக்கவே முடியாது. அதற்கு வேறொரு டப்பா வேண்டும். பொம்மை செய்யும் களிமண்ணை இறுக்கமாக நிரப்பி, சாய்வாக இரண்டு கீறல்கள் போட்டு, அவை மூடிக்கொள்ளாமல் மணலைத் திணித்து நீர் விடுங்கள். பிறகு குழுவுக்கு ஒரு உறிஞ்சுகுழல் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போர் போடச் சொல்லுங்கள். கீறலைத் தொட்ட குழலில் மட்டும் நீர் வரும், ஒரு விரல்கடை தள்ளிக் குத்தியவருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்து, உங்கள் ஊர் எதைப் போன்றது என்று கேளுங்கள். விடையை வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

நடைமுறை பற்றிக் கொஞ்சம். ஒரு தொட்டிக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஆறாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: மழையைக் கூட்டினால் கிணற்றின் இடத்தை மாற்றக் கூடாது. மணலை அடைத்து நிரப்பும் வேலை முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும், 40 நிமிட வகுப்பு அதற்கே போய்விடும். முடித்ததும் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பூமியோடு ஒத்துப்போவது எது, ஒத்துப்போகாதது எது என்று எழுத வைக்க வேண்டும். நேரமில்லை என்று எல்லோரும் விட்டுவிடும் பகுதி இது. ஒத்துப்போகாதவை வரிசையில் 'தொட்டிக்குச் சுவர் இருக்கிறது, பூமிக்கு இல்லை', 'நம் மழை இரண்டு நிமிடத்தில் கிணற்றுக்கு வந்துவிட்டது, உண்மையில் மாதங்கள் ஆகலாம்' என்று எழுதும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது. அழகாகப் படம் வரைந்து பெயர்களை மட்டும் குறித்த மாணவரிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளியிலோ பக்கத்திலோ மூடி போட்ட கிணறு ஒன்று இருந்தால் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு நுனியில் கல்லைக் கட்டி, ஆசிரியர் மட்டும் வாரத்துக்கு ஒரு நாள் ஆழத்தை அளக்க, பிள்ளைகள் எட்ட நின்று குறித்துக்கொள்ளட்டும். செப்டம்பரில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை முடிந்து பிப்ரவரி வரை தொடர்ந்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். மழை பெய்த நாளுக்கும் கிணற்று மட்டம் ஏறிய நாளுக்கும் எவ்வளவு இடைவெளி, தொட்டியில் எவ்வளவு இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அடுத்த வருடத் தொட்டியில் எதை மாற்ற வேண்டும் என்பது தெரியும்.